மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன்

அடுத்த வாரம் மொரீஷியஸின் எபேனில் எங்கள் அலுவலகத்தில் ஊழியர் மதிப்பீட்டுக் கூட்டங்கள். மேலாளர்களே, ஆண்டு முழுக்க எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துவிட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் போன மாதம் நடந்தது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

"நன்றாக வேலை செய்கிறீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் உற்சாகம் வராது. "புயல் எச்சரிக்கை 3-ஆம் நிலைக்குப் போய் அலுவலகத்தை மூடிய அன்று, வீட்டிலிருந்தே அத்தனை அழைப்புகளையும் சமாளித்தீர்களே" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்! குறையையும் அப்படியே, நடந்ததைச் சுட்டிச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள். இங்கே பலரும் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில்தான் மனம் திறப்பார்கள் என்றால் கிரியோலிலேயே பேசட்டும்.

தயவுசெய்து 13-ஆம் மாதச் சம்பளத்தை, அதாவது ஆண்டு இறுதி போனஸை, இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். அது மொரீஷியஸ் சட்டப்படி ஊழியருக்குச் சேர வேண்டிய பணம். மதிப்பெண்ணோடு அதைச் சேர்த்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.