பிளெண்டரில் சிலம்பச் சண்டை: கம்புக்குத்தான் முதல் கீஃப்ரேம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத் திடலில் இருவர் கம்பு மோதும் 12 வினாடிக் காட்சி இது; பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைபட மென்பொருளில் உருவாகிறது. கீஃப்ரேம் என்பது குறிப்பிட்ட பிரேமில் ஒரு பொருளின் நிலையைக் குறித்து வைப்பது. காலடியும் வீச்சும் முடிந்தன. அடி விழும் இடங்களில் இப்போது வேலை நடக்கிறது.

அசைவைப் பார்த்துச் செய்ய மாதிரிக் காணொளியைக் கைப்பேசியில் வினாடிக்கு 120 பிரேமில் எடுக்க வேண்டும். காட்சி 24 பிரேம் என்பதால் ஐந்துக்கு ஒன்று என்று கணக்கு நேராக வரும். 60-இல் எடுத்தால் இரண்டரைக்கு ஒன்று என்று இடிக்கும். கம்பின் ஒரு முனையில் சிவப்பு டேப் ஒட்டாவிட்டால் எந்த முனை மேலே வந்தது என்றே பிடிபடாது. திடல் விளக்கு போடுமுன் எடுத்துவிடுவது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும், அது காணொளியில் அப்படியே விழும்.

வாள் என்றால் கையோடு கட்டிவிடலாம். சிலம்பத்தில் பிடி ஓயாமல் மாறும், ஒற்றைக் கை இரட்டைக் கையாகும். வலக்கையோடு கம்பைக் கட்டி, அதே கையைக் கம்பின் பின்னால் போகவும் சொன்னால் ஒன்றையொன்று சுற்றி வரும் சிக்கல். பிளெண்டர் எச்சரிக்கும், கை துடிக்கும். கம்புக்குத் தனி எலும்பு (உருவை அசைக்கும் கட்டுப்பாடு) வைத்து, இரு கைகளின் ஐகே இலக்குகளையும், அதாவது கை எட்டிப் பிடிக்க வேண்டிய புள்ளிகளையும், ஒன்றை இன்னொன்றோடு நகரச் செய்யும் ‘சைல்ட் ஆஃப்’ கொண்டு அதில் மாட்டினால் தீர்ந்தது. பிடி விடும் பிரேமில் அந்தப் பிணைப்பின் வலுவான இன்ஃப்ளுயன்ஸ் 1-லிருந்து 0. அதே பிரேமில் கை இருந்த இடத்துக்கும் கீஃப்ரேம் போடாவிட்டால் கை துள்ளிக் குதிக்கும்.

கம்பு சுற்றுவதற்குக் குவாட்டர்னியன் என்ற சுழற்சிக் கணக்கு முறை ஆகாது. அதற்கு 0, 360 டிகிரி இரண்டும் ஒரே நிலை; கம்பு அசையாமல் நிற்கும். அச்சுக்கு அச்சு கோணம் எண்ணும் ஆய்லர் முறைக்கு மாற்றி, ஒரே அச்சில் 0, 360, 720 என்று லீனியராக, அதாவது சீரான வேகத்தில், வைக்க வேண்டும். சுற்றின் சாய்வை, கம்பின் எலும்பு மாட்டியிருக்கும் தாய் எலும்பு பார்த்துக்கொள்ளும்.

வேகத்தை ஏற்றும் ஆசைதான் காட்சியைக் கெடுக்கிறது. வினாடிக்கு 3 சுற்று என்றால் பிரேமுக்கு 45 டிகிரி, கண் தொடரும். 6 சுற்றானால் 90 டிகிரி. இரு முனையும் ஒன்றுபோல் இருப்பதால் திசையே தொலைந்து, கம்பு கூட்டல் குறியாக மினுக்கும். பிளெண்டரின் வேகமான படமாக்கும் முறையான ஈவியில், மோஷன் பிளரின் (வேக மங்கலின்) ஸ்டெப்ஸ் 1 என்றால் கோடு நேராக இழுபடும். 8 வைத்தால் வளைவு வரும்.

ஊன்றிய பாதம் நகர்கிறதா? இரு கீஃப்ரேமும் ஒரே மதிப்பில் இருந்தும், வளைவை வடிவமைக்கும் ஹேண்டில் ஆட்டோவில் இருந்தால் அசைவைக் காட்டும் கர்வ் அந்த மதிப்பை மீறிப் போகும். ஆட்டோ கிளாம்ப்ட் போதும்.

அடிக்கு இப்போதைய கணக்கு: ஓங்க 5 பிரேம், வீச 2, பட்ட இடத்தில் 2 பிரேம் நிறுத்தம். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் அடி எவ்வளவு வேகமானாலும் கனம் இராது. தடுப்பவர் கம்பு பட்ட பிரேமிலேயே வளையக்கூடாது, அடுத்ததில்தான்.

பின்னணிச் செம்பனைகள் 9 மீட்டர் முக்கோண இடைவெளியில், தோட்டத்தில் நடுவதுபோலவே நிற்கின்றன. ஆல்ட்+டி போட்டே நகலெடுத்ததால் எல்லாம் ஒரே மெஷ்ஷைப் (வடிவத் தரவைப்) பகிர்கின்றன, மடிக்கணினி தாங்குகிறது. மட்டைகளின் அசைவு இன்னும் பாக்கி.