தீர்ப்புத் தொகுப்பில் இல்லாத தோட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் யாரிடம் என் வேலையைச் சொன்னாலும், “அப்படியானால் கேஸ் எடுப்பீர்களா?” என்றுதான் கேட்கிறார்கள். எடுப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி ஆய்விதழ்களுக்கு எழுதுகிறேன். வழக்காடாத சட்டக்காரனால் யாருக்கு லாபம் என்று தோட்டத்தில் மேற்பார்வையாளராக, அதாவது தண்டலாக, இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. லாபம் இருக்கிறதா என்பது, ஆய்வை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் துறையில் ஆய்வு தீர்ப்புகளில் தொடங்கும். 1932 முதல் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மலாயன் லா ஜர்னலையும் பிற தொகுப்புகளையும் தேடி, எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிமன்றங்கள் ஏற்றன, எதை ஒதுக்கின என்று பார்க்க வேண்டும். களப்பணியில் இறங்கிய நண்பர்கள் சிலருக்கு இது மேசை வேலை என்று இளக்காரம். எனக்கு இல்லை. சிடேக் எதிர் பேராக் மாநில அரசு வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1982இல் அச்சேறிய அந்தத் தீர்ப்பில், அனுமதியின்றி அரசு நிலத்தில் குடியிருப்போருக்குச் சட்டத்திலோ, சட்டத்தின் கடுமையை நியாயத்தால் தணிக்கும் சமநீதிக் கோட்பாட்டிலோ உரிமை கிடையாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தோட்டம் தொழிலாளருக்குக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இனி வழி இல்லை என்று பலர் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்ப்பை முழுதாகப் படித்தவர் நிறுத்தமாட்டார். அந்த வழக்கில் இருந்தவர்கள் காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள். தோட்டத்தாரோ நிர்வாகமே வேலைக்கு அழைத்து வீடு கொடுத்ததால் வந்தவர்கள். அனுமதியின்றிப் புகுந்தவனும், அனுமதி முடிந்தபின் தங்கியவனும் ஒன்றா? உண்மைகளைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தைத்தான் மேசை கற்றுத்தருகிறது. பதில் தோட்டத்தாருக்குச் சாதகமாகவே வரும் என்று நான் சொல்லவில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும் என்ற வாதம் வலுவானது.

மேசைக்கு ஒரு குறை உண்டு. நீதிமன்றம் வரை போன சண்டை மட்டுமே தொகுப்பில் இருக்கும். தோட்டத்துச் சண்டைகள் அவ்வளவு தூரம் போவது அரிது. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, வேலைநீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அந்த நாட்கள் தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டு வாசலிலும் கட்சிக் கிளை வாசலிலும் கரைந்துபோகும். போய்ச் சேர்ந்தாலும் சமரச மேசையில் ஒரு தொகைக்கு முடிந்துவிடும். அச்சிட அங்கே தீர்ப்பு ஏது? 2021க்கு முன் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதும் அமைச்சரின் கையில் இருந்தது. தொகுப்பை மட்டும் படிப்பவருக்குத் தோட்டப்புறம் அமைதியாகத் தெரியும். தோற்றவர்கள் எழுதப்படவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

அதனால்தான் இங்கே வந்து தங்குகிறேன். பழைய சம்பளச் சீட்டு, நிர்வாகத்தின் கடிதம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், தண்ணீர்க் கட்டண ரசீது என்று மக்கள் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதைப் படமெடுத்துக்கொள்கிறேன். தோட்டத்துக் கோயிலின் நன்கொடைக் கல்வெட்டும் ஒரு சான்றுதான். ஆனால் அதில் உள்ள ஆண்டு பெரும்பாலும் கும்பாபிஷேக ஆண்டு. கோயில் தொடங்கிய காலம் அதைவிட முந்தியது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்குப், போன காலத்தைப் பற்றிப் பாட்டிகள் சொல்வது துல்லியமாக இருக்கிறது. “துரை இந்த வீடு உங்களுக்குத்தான் என்றார்” என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அப்படி நம்பினார்கள் என்று எழுதலாம். அப்படி உறுதி தரப்பட்டது என்று எழுத, இரண்டாவது சான்று வேண்டும்.

ஊரில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சட்டம் 446ஆவது சட்டம். 1990இல் தோட்ட, சுரங்கத் தொழிலாளர்களின் வீட்டுவசதிக்காக வந்தது. 2019 திருத்தத்தில் பிற தொழில்களுக்கும் விரிந்தது. அதில் இருப்பவை கூரை, கழிவறை, தண்ணீர் போன்ற குறைந்தபட்சத் தரங்கள். வேலை முடிந்தபின் எங்கே வசிப்பது என்பதற்கு அது பதில் தருவதில்லை. மக்கள் கேட்பதோ அதைத்தான். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு வரும் ஆய்வேடுகள் கடைசி அத்தியாயத்தில் “சட்டம் கடுமையாக அமல்படுத்தப்பட வேண்டும்” என்று முடிகின்றன. அமல்படுத்தினால் வீடு ஒழுகாது, அவ்வளவுதான். சட்டத்தைத் திருத்தச் சொல்லும் பரிந்துரையில் எந்தப் பிரிவு, என்ன சொல், யார் செலவில் என்று இல்லாவிட்டால் என் மாணவர்களின் தாளில் சிவப்பு மை விழும்.

வரலாறும் படிக்க வேண்டும். 1950களில் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டதைப் பொருளியலாளர் உங்கு அஸீஸ் ஆராய்ந்தார். அதே நெருக்கடியில், 1960இல், இதே ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரைத் தோட்டப் பங்குதாரர்களாக்கினார். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவும் 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலைக் கேட்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால்தான் வீட்டுப் பிரச்சினையின் வேர் நிலவிற்பனையில் இருப்பது தெரிகிறது.

வழக்கறிஞரின் வாதுரையும் என் கட்டுரையும் ஒரே சான்றுகளிலிருந்து எழலாம். அவர் கட்சிக்காரருக்காக எழுதுகிறார். தனக்கு எதிரான தீர்ப்பை அவரும் மறைக்கக்கூடாது. ஆனால் அதைச் சுருக்கித் தாண்டிப்போகலாம். நானோ எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நீதிபதியோ சட்டம் வரையும் அதிகாரியோ என்னை நம்பமாட்டார்.

இதன் விலையும் உண்டு. கட்டுரையின் தமிழ்ச் சுருக்கத்தை ஒரு தோட்டத்தின் ஆலயக் குழுச் செயலாளரிடம் கொடுத்தேன். நிர்வாகத்தின் வாதத்தை விளக்கும் பத்தியைப் படித்ததும் கோபப்பட்டார். “எங்கள் சோற்றைத் தின்றுவிட்டு அவர்களுக்காக எழுதுகிறீர்களே, சார்?” என்றார். பத்தியை நீக்கமாட்டேன் என்று சொன்னேன். மறுப்பை எழுதித் தாருங்கள், சுருக்கத்தோடு சேர்த்தே கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறார், இதுவரை வந்த பக்கத்தில் 60 நாள் கெடு பற்றி நான் கவனிக்காத ஒரு நல்ல வாதம் இருக்கிறது.