பிளஸ் ஒன்னுல தர்ற சைக்கிள்

போன மாசம் ஊருக்கு போயிருந்தேன், ஆத்தங்குடிக்கு பக்கத்துல தான் எங்க ஊரு. பெரியம்மா மக வீட்டு திண்ணையில அக்கா பொண்ணு உக்காந்து பனையோலைக் கொட்டான் பின்னிக்கிட்டு இருந்தா, அதுவும் திங்கக்கெழம. என்னத்தா பள்ளியோடம் போகலையான்னு கேட்டா, "எட்டாப்போட நின்னுட்டேன் மாமா"ங்குறா, ஏதோ கடைக்கு போகலங்குற மாதிரி.

காசு இல்லாம நிறுத்திட்டாகளோன்னு தான் நெனச்சேன். ஆனா புக்கு நோட்டு எல்லாம் சர்க்கார் குடுக்குது, மதிய சாப்பாடு பத்தாப்பு வரைக்கும் உண்டு, பீஸும் கெடையாது. விஷயம் வேற. எங்க ஊர்ல எட்டாப்பு வரைக்கும் தான், ஒம்போதாப்புக்கு 5 கிலோமீட்டர் போகணும். காலைல பஸ்ஸு ஏழு மணிக்கு ஒன்னு, அத விட்டா பத்தர. பஸ்ல டிக்கெட் இல்ல தான், ஆனா பஸ்ஸு வரணுமே! சாயங்காலம் கண்மாய்க்கரை வழியா நடந்து வரணும், ரெண்டு பக்கமும் சீமக்கருவ மண்டிக் கெடக்கு, எந்த ஆத்தா பொட்டப்புள்ளைய தனியா விடுவா?

நம்ம ஊர்ல சர்க்கார் சைக்கிள் குடுக்குறது பிளஸ் ஒன்னுல. புள்ளைக நிக்கிறது ஒம்போதாப்புல. இத யோசிச்சா சிரிப்பும் வருது எரிச்சலும் வருது. பீகார்ல 2006லயே ஒம்போதாப்பு சேர்ற பொண்ணுகளுக்கு சைக்கிள் வாங்க 2000 ரூவா குடுத்தாக, அப்புறம் ஆராய்ச்சி பண்ணி பாத்தா அந்த வயசு பொண்ணுக பள்ளியோடத்துல சேர்றது 32 சதவீதம் கூடியிருக்கு, அதுவும் பள்ளியோடம் 3 கிலோமீட்டருக்கு மேல இருக்குற ஊர்கள்ல தான் பலன் ஜாஸ்தியாம்.

எங்க பக்கத்துல காரைக்குடில வள்ளல் அழகப்பர் 1947லயே காலேஜ் ஆரம்பிச்சாரு, சிக்ரிங்குற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரணும்னு 300 ஏக்கர் தூக்கி குடுத்தாரு. காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா வேற வருது, ஆனா அதுக்கு ஆறாப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்கார் பள்ளியோடத்துலயோ, சர்க்கார் உதவி வாங்குற பள்ளியோடத்துல தமிழ் வழியிலயோ படிச்சிருக்கணும். நடுவுல இந்த அஞ்சு கிலோமீட்டர தாண்டுனாத்தான அதெல்லாம்.

நான் அத்தான்கிட்ட சொன்னேன், ஒரு பழைய சைக்கிள் வாங்குங்கன்னு. அவரு டைல்ஸ் பட்டறையில வேல, கண்ணாடி மேல அச்ச வச்சு கலர ஊத்தி மேல சிமெண்டு மண்ணு போட்டு அழுத்தி எடுக்குறது, கல்லு எண்ணிக்கைக்கு தான் கூலி. ஐப்பசி கார்த்திகை அடமழைல வெயில் இல்லாம கல்லு காயாது, கூலியும் பாதியாயிரும். "மழ முடியட்டும் மாப்ள"ன்னாரு. மழ முடிஞ்சா அரைப்பரீட்சையும் முடிஞ்சிருமே.

அக்கா ஒன்னும் பேசல. மறுநா மகளிர் குழுவுல கடன் கேட்டு எழுதி குடுத்துட்டு வந்துட்டா, நூறு நாள் வேல காசு வந்தோன கட்டிக்கிறேன்னு. அந்த காசு எப்ப வரும்னு அவளுக்கே தெரியாது, அது வேற கதை.

பெரிய வாத்தியாரு வயசெல்லாம் ஒன்னும் தாண்டல கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு. காரைக்குடில செகண்ட் ஹேண்டுல ஒரு லேடீஸ் சைக்கிள் கெடச்சிச்சு, சீட்டு கொஞ்சம் ஒசரம். நேத்து போன் பண்ணேன். மூனு நாளா போறாளாம், நேத்து கண்மாய்க்கரைல கருவமுள்ளு குத்தி பஞ்சராம், உருட்டிக்கிட்டே போயி ரெண்டாவது பீரியட்ல நொழஞ்சிருக்கா.