ஃபுல்லரீனும் இரு பல்கலைக்கழகங்களும்

வேதியியலின் பிரிவுகள் கைகோத்தால் என்ன நிகழும் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், கார்பன் அணுக்கள் மட்டுமே கூடு போல இணைந்த மூலக்கூறான ஃபுல்லரீன் கண்டறியப்பட்ட வரலாற்றைத்தான் சொல்வேன். விண்மீன்களைச் சுற்றிக் கார்பன் சங்கிலிகள் எவ்வாறு உருவாகின்றன என்ற கேள்வியோடு, 1985 செப்டம்பரில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாரி குரோட்டோ அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ரிச்சர்ட் ஸ்மாலி, ராபர்ட் கர்ல் ஆகியோருடனும் ஆராய்ச்சி மாணவர்களுடனும் சேர்ந்து, கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, ஹீலியம் வாயுவில் குளிரவைத்து, துகள்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் ஆராய்ந்தபோது, 720 என்ற நிறையில் ஒரு முகடு மற்றவற்றை விஞ்சி உயர்ந்து நின்றது. அறுபது கார்பன் அணுக்கள், 12 ஐங்கோணங்களும் 20 அறுங்கோணங்களுமாகக் கால்பந்து போல மூடிக்கொண்ட கூடு அது என்று அவர்கள் விளக்கினர். ஆயினும் ஐயம் தீரவில்லை.

இயற்பியலாளர்களான கிராட்ச்மரும் ஹஃப்மனும் இந்த ஃபுல்லரீனைக் கணிசமான அளவில் தயாரிக்கும் வழியை வெளியிட்ட 1990-இல், சசெக்ஸ் குழுவினர் வண்ணப்பிரிகை முறையில் அதைப் பிரித்தெடுத்து, அணுக்கள் எத்தனை வகையான சூழலில் உள்ளன என்று காட்டும் அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலையைப் பதிவு செய்தனர். அதில் ஒரே ஒரு கோடு! அறுபது அணுக்களும் ஒரே வகையான சூழலில் இருந்தாலொழிய அப்படி வராது. 1996-இல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். முதல் ஆய்வில் உழைத்த ஜேம்ஸ் ஹீத், ஷான் ஓ'பிரையன் முதலிய மாணவர்களின் பெயர்களையும் வகுப்பறைகளில் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.