தம்பியின் லோரிக் கணக்கு

2024 மே 5, ஞாயிறு. ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

இன்று காலை தம்பி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "ஓட்டத் தெரியுது அக்கா, இதைப் பார்க்கத்தான் தெரியல. நீங்கதான் பார்க்கணும்" என்றான். பதினொரு ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்குப் பிறருடைய லோரியை ஓட்டியவன், சென்ற மாதம் பயன்படுத்தப்பட்ட பத்துச் சக்கர லோரி ஒன்றை 128,000 ரிங்கிட்டுக்கு வாங்கியிருக்கிறான். முன்பணம் 25,600 ரிங்கிட். அதில் பாதி அவன் மனைவியின் நகை. மீதி 102,400 ரிங்கிட்டை ஐந்து ஆண்டுகளில், மாதம் 2,176 ரிங்கிட்டாகக் கட்ட வேண்டும்.

வட்டி 5.5 விழுக்காடுதான் என்று அவன் நிம்மதியாக இருந்தான். அந்த வட்டி ஐந்து ஆண்டுகளும் முழுக் கடன் தொகைக்கே கணக்கிடப்படுகிறது என்பதையும், மாதாமாதம் கடன் குறைந்துவந்தாலும் வட்டி குறையாததால் உண்மையில் அது ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்குச் சமம் என்பதையும் நான் எழுதிக் காட்டியபோது, அவன் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு ஒரு நடைக்கான கணக்கைப் போட்டோம். தோட்டத்திலிருந்து ஆலைக்கு 14 டன் செம்பனைக் குலை ஏற்றினால், டன்னுக்கு 24 ரிங்கிட் வீதம் 336 ரிங்கிட் வருகிறது. போகவர 110 கிலோமீட்டருக்கு 44 லிட்டர் டீசல், லிட்டர் 2.15 ரிங்கிட் என்றால் 94.60 போகிறது, கையில் நிற்பது 241.40. தவணை, உதவியாளின் சம்பளம் 1,500, காப்புறுதியும் சாலை வரியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வாகனப் பரிசோதனையும் சேர்த்து மாதப் பங்கு 520, டயருக்கும் பழுதுக்கும் 1,200, சரக்கு ஏற்றும் உரிமமான பெர்மிட்டைக் கொடுத்தவருக்கு 400 என்று மாதம் 5,796 ரிங்கிட் லோரி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் போய்விடும். ஆகவே ஒரு மாதத்தின் முதல் 24 நடைகள் பிறருக்காக ஓடுபவை; இருபத்தைந்தாவது நடையிலிருந்துதான் அவன் வீட்டுக்கு அரிசி.

2024 மே 12, ஞாயிறு

மாதம் 40 நடை ஓடினால் 3,860 ரிங்கிட் மிஞ்சும், பழைய சம்பளம் 3,400தானே என்று தம்பி கேட்டான். அந்தச் சம்பளத்துக்கு மேல் முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது 442 ரிங்கிட், செலுத்தி வந்ததை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால், இத்தனை கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டதற்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் 18 ரிங்கிட்.

நேற்று சேமநிதியில் மூன்றாவது கணக்கு திறக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் கணக்கில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு மாற்றி, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவன் கண் அதன்மேல் போயிருக்கிறது. இனி அவனுக்காக யாரும் சந்தா கட்டப் போவதில்லை என்ற நிலையில், இருப்பதையும் எடுத்து டயருக்குப் போடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ சுயதொழில் செய்வோருக்கு நடத்தும் திட்டத்தில் மட்டும் ஆண்டுக்கு 232.80 ரிங்கிட் கட்டிப் பதியச் சொன்னேன். அதை உடனே செய்துவிட்டான்.

2024 மே 26, ஞாயிறு

எனக்கு உறக்கம் கெட்டது இன்றுதான். லோரியின் பதிவுச் சான்றிதழான கிராண்டை வாங்கிப் பார்த்தேன். அதில் தம்பியின் பெயர் இல்லை. சரக்கு வாகன உரிமம் வேறொருவரின் நிறுவனத்தில் இருப்பதால், லோரியும் கடனும் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. தம்பி வெறும் உத்தரவாதி. தவணை தவறினால் அவனைத் தேடி வருவார்கள், தவணை முடிந்தால் லோரி அவனுடையது என்பதற்கு அந்த மனிதரின் வாய்ச்சொல் தவிர வேறு சான்று இல்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய மற்றக் கடன்களுக்காக நிறுவனம் விழுந்தால், அதனுடன் இந்த லோரியும் விழும்.

தவணையில் வாங்குவோருக்கான வாடகைக் கொள்முதல் சட்டம் காப்பாற்றும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1967ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பிறகு 21 நாள் அறிவிப்புக் கொடுத்தே வாகனத்தை இழுத்துச் செல்ல முடியும். முக்கால் பங்கு கட்டி முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவும் வேண்டும். ஆயினும் சரக்கு வாகனங்களில் சுமையுடன் 2,540 கிலோகிராமுக்கு மேற்படாதவற்றையே அது உள்ளடக்குகிறது. பத்துச் சக்கர லோரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். கையெழுத்திட்ட அந்தத் தாளை அவன் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை.

2024 ஜூன் 10, திங்கள்

நள்ளிரவு முதல் தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15லிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. பதிவு பெற்ற சரக்கு வாகனங்களுக்குப் பழைய விலையிலேயே கிடைக்க அட்டை உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் நிறுவனத்துக்காரர், அவரோ "அடுத்த வாரம் பார்ப்போம்" என்கிறார். நடைக்கு 52.80 ரிங்கிட் கூடுதல். நாற்பது நடைக்கு 2,112. ஒரு தவணைக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. நம் 24 நடை இன்று முதல் 31 ஆகிவிட்டது.

2024 ஜூலை 14, ஞாயிறு

மே மாதம் ஏற்றிய குலைக்கான பணம் இன்னும் வரவில்லை. எடைச் சீட்டுகளைக் கொடுத்து அறுபது நாள் கழித்துத்தான் ஒப்பந்தக்காரர் பணம் தருவாராம். டீசல் நிலையம் அறுபது நாள் பொறுக்காது, உதவியாளின் வீட்டு அடுப்பும் பொறுக்காது. இன்றைய விலையில் நாற்பது நடைக்கான டீசல், சம்பளம், தவணை, பெர்மிட் என்று மாதம் 9,972 ரிங்கிட். இரண்டு மாதத்துக்கு 19,944. லோரி வாங்கும்போது கேட்ட முன்பணத்தில் முக்கால் பங்குக்கும் மேலான இன்னொரு முன்பணம் இது, இதைப் பற்றி விற்றவரும் சொல்லவில்லை, கடன் கொடுத்தவரும் சொல்லவில்லை. தோட்ட அலுவலகத்தில் இத்தனை ஆண்டுகள் எடைச் சீட்டு எழுதிய நானே இதை எண்ணிப் பார்க்கவில்லை என்பது என்னை வருத்துகிறது. அந்தச் சீட்டு பணமாக மாற எத்தனை நாள் ஆகும் என்று எந்த ஓட்டுநரிடமும் நான் கேட்டதே இல்லை.

கடைத்தெருவில் ஒருவர், அடையாள அட்டையின் நகல் ஒன்று போதும், இன்றே ஐயாயிரம் தருகிறேன் என்று அவனிடம் கூறியிருக்கிறார். அவன் நேரே என்னிடம் வந்தான். என் சேமிப்பிலிருந்து எட்டாயிரம் கொடுத்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கினேன். உடன்பிறந்தவனிடம் கையெழுத்து வாங்க நேர்ந்தது கசப்பாகத்தான் இருந்தது.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

விளைச்சல் உச்சத்தில் இருக்கிறது, ஆலை வாசலில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. நேற்று ஏழு மணி நேரம் காத்திருந்ததில் இரண்டாவது நடை கைநழுவிப் போயிற்று. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், தாமதத்துக்கான குறை ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது. நடை குறையும்போது ஒரு நடையிலேயே 18 டன் ஏற்றிவிடலாம் என்று சிலர் அவனுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். பிடிபட்டால் அபராதம், விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக்கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே வருபவரின் உயிர். அவன் ஏற்றவில்லை. டீசல் அட்டை போன மாதம் கிடைத்ததில் கணக்கு மறுபடியும் 24 நடைக்கு இறங்கியிருக்கிறது.

2025 ஜனவரி 26, ஞாயிறு

விளைச்சல் குறைந்துவிட்டது. சீனப் புத்தாண்டுக்குத் தோட்டம் அடைக்கும் நாள்களையும் கழித்தால் இந்த மாதம் 21 நடைக்கு மேல் தேறாது. குறையும் மூன்று நடைக்கான 724 ரிங்கிட்டை, அக்டோபரிலிருந்து தனியே ஒதுக்கி வந்த பணத்திலிருந்து எடுக்கிறோம். வீட்டுச் செலவுக்கும் அதிலிருந்துதான். என் எட்டாயிரத்தில் மூவாயிரம் திரும்பிவிட்டது.

தவணை முடிந்ததும் லோரியைத் தம்பிக்கு மாற்றித் தருவதாக எழுதிய உடன்படிக்கையில் நிறுவனத்துக்காரர் நேற்று கையெழுத்திட்டார். உரிமத்தை அனுமதியின்றிப் பிறருக்குக் கைமாற்ற முடியாது என்பதால், இத்தகைய தாள் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்ற அச்சம் எனக்கு நீங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தெலுக் இந்தானில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். தம்பி கிராண்டின் நகலையும், ஒன்பது தவணைச் சீட்டுகளையும், அந்த பிஸ்கட் டின்னையும் எடுத்து வைத்திருக்கிறான்.