பிஷப் களத்தில் கோவேறு கழுதையோடு ஒரு நேரப் போட்டி

கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில், சியரா நெவாடா மலைத்தொடருக்கும் வெள்ளை மலைகள் எனப்படும் வறண்ட மலைகளுக்கும் நடுவே நீளும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பிஷப் என்ற சிற்றூர் இருக்கிறது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு நாள் விடுமுறையை ஒட்டி, கோவேறு கழுதைகளுக்கும் கழுதைகளுக்கும் உரிய பெருவிழா ஒன்று 1969 முதல் அங்கு நடைபெற்று வருகிறது. மலைப்பாதைகளில் பயணிகளின் உணவையும் கூடாரங்களையும் இவ்விலங்குகளின் முதுகில் ஏற்றிச் செல்லும் தொழிலில் இருப்பவர்கள், கோடைக்கால வேலை தொடங்குமுன் ஒன்றுகூடுவதற்காக ஆரம்பித்த விழா இது. சுமை கட்டும் போட்டி, வண்டிப் போட்டி, நின்ற இடத்திலிருந்தே தடையைத் தாண்டும் போட்டி எனப் பலவும் அங்கு உண்டு. நான் பெயர் கொடுத்தது, முதுகில் ஏறிச் சவாரி செய்து கடிகாரத்தோடு போட்டியிடும் மூன்று பிரிவுகளுக்கு. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் வசிக்கும் நான் அதற்கு எப்படித் தயாரானேன் என்பதை, இத்துறையில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் விரிவாக எழுதுகிறேன்.

பீப்பாய் சுற்றும் போட்டியில் மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக வைக்கப்படுகின்றன. முறையான அளவின்படி முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டும் நிற்கும் வரிசை வரை 60 அடி. முதல் பீப்பாயை வலமாகச் சுற்றினால் மற்ற இரண்டையும் இடமாகச் சுற்றி, மூன்றாவதிலிருந்து நேராக ஓடி வெளியேற வேண்டும். கம்பப் போட்டியில் 21 அடி இடைவெளியில் ஆறு கம்பங்கள் ஒரே வரிசையில் நிற்கும். கடைசிக் கம்பம் வரை நேராக ஓடி, திரும்பி, கம்பங்களுக்கு ஊடே வளைந்து வந்து, மீண்டும் அவ்வாறே வளைந்து சென்று, மறுபடி திரும்பிக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். பீப்பாயோ கம்பமோ சாய்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி கூட்டப்படும். சாவித்துளைப் போட்டியில் தரையில் சுண்ணாம்புத் தூளால் சாவித்துளை வடிவம் வரையப்பட்டிருக்கும். அதன் குறுகிய கழுத்து வழியாகப் பாய்ந்து சென்று, வட்டத்துக்குள் திரும்பி, கோட்டை மிதிக்காமல் அதே வழியில் வெளியே வர வேண்டும். கோட்டை மிதித்தால் அந்த ஓட்டத்துக்கு நேரமே கிடையாது.

இந்த மூன்றுக்கும் வேகம் மட்டும் போதும் என்று முதலில் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் நேராக ஓடும் தொலைவு குறைவு. திரும்பும் இடங்களே மிகுதி. திருப்பத்துக்கு முன் வேகத்தைத் தானே தணித்து, பின்கால்களைத் தன் உடலுக்கு அடியில் கொண்டுவந்து, வளைவு முடிந்ததும் மறுபடி பாயும் விலங்குதான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அந்தத் தணிப்பை விலங்கு மனமொப்பிச் செய்ய வேண்டும். கோவேறு கழுதையிடம் இதைப் பெறுவதற்கான வழி குதிரையிடம் பெறும் வழியிலிருந்து வேறுபட்டது என்பதே இந்த முயற்சி முழுவதிலும் நான் கற்றவற்றுள் தலையாயது.

கோவேறு கழுதை என்பது ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. குதிரைக்கு 64 குரோமோசோம்களும் கழுதைக்கு 62 குரோமோசோம்களும் இருப்பதால் இதற்கு 63. ஆகவேதான் அநேகமாக எப்போதும் இது இனப்பெருக்கம் செய்வதில்லை. தாயிடமிருந்து உயரத்தையும் ஓட்டத்தையும் பெறும் இவ்விலங்கு, அச்சத்தைக் கையாளும் முறையைத் தந்தையிடமிருந்து பெறுகிறது. குதிரை அஞ்சினால் ஓடிவிடும். வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் பெரும் மந்தைகளாக இல்லாமல் சிதறி வாழ்ந்த காட்டுக் கழுதையின் வழிவந்த கழுதையோ, அஞ்சினால் நின்று பார்க்கும், ஆராயும், ஆபத்து இல்லை என்று தானே முடிவு செய்த பிறகுதான் நகரும். அந்த நிலையில் அதை அடித்தால், தன் ஐயம் சரியென்றே அது எடுத்துக்கொள்ளும். இதைப் பிடிவாதம் என்று உலகம் சொல்லிவந்திருப்பது அவ்விலங்குக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வேகத்துக்கும் இவை சளைத்தவை அல்ல. பிளாக் ரூபி, டாஸ் ஆகிய இரண்டும் கலிபோர்னியாவின் ஓட்டப் பந்தயங்களில் பெயர்பெற்ற எதிராளிகளாக விளங்கிய கோவேறு கழுதைகள். டாஸின் உடன்பிறப்பான ஒரு கருவின் உயிரணுவிலிருந்து, ஐடஹோ பல்கலைக்கழகத்தில் 2003 மே மாதம் குளோனிங் எனப்படும் படியாக்க முறையில் பிறந்த ஐடஹோ ஜெம், உலகின் முதல் படியாக்கக் கோவேறு கழுதை. அது 2006இல் நெவாடாவின் வின்னமக்கா ஊரில் பந்தயத்தில் ஓடியது.

நான் ஓட்டியது ஜூனிப்பர் என்ற பெண் கோவேறு கழுதை. கார்சன் பள்ளத்தாக்கில் வசிக்கும், பல்லாண்டுகள் மலைச்சுமைத் தொழில் செய்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தேன். அவரே எனக்குப் பயிற்சியும் தந்தார். முதல் வாரங்களில் சேணத்தைத் தவிர வேறெதையும் பற்றி அவர் பேசவில்லை. குதிரைக்குக் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் உயர்ந்த மேடு உண்டு. அது சேணத்தை முன்னே நகரவிடாமல் தடுக்கும். கோவேறு கழுதைக்கு அந்த மேடு தாழ்வாகவும் விலா உருண்டையாகவும் இருப்பதால், வேகத்தைச் சட்டென்று தணிக்கும்போது சேணம் முன்னோக்கிச் சரிந்து தோள்பட்டையை அழுத்தும். தோள் வலித்த விலங்கு அடுத்த முறை திருப்பத்தில் வேகத்தைத் தணிக்க மறுக்கும். பார்ப்பவர்கள் அதைக் கீழ்ப்படியாமை என்பார்கள். அதனால் கோவேறு கழுதையின் முதுகுக்கென்றே அமைந்த சட்டம் உள்ள சேணத்தை வாங்கியதோடு, சேணத்தின் பின்புறத்திலிருந்து சென்று வாலுக்கு அடியில் சுற்றிவரும் வால்வாரையும் பூட்டினோம். மலையிறக்கத்துக்குப் பின்தொடையைச் சுற்றிய வார் சிறந்தது; பாய்ச்சலில் அது உராயும் என்பதால் களத்துக்கு வால்வார் போதும் என்பது அவருடைய கருத்து.

வால்வாரை எந்த விலங்கும் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. மென்மையான பருத்திக் கயிற்றை முதலில் பின்தொடையில் தொடவைத்து, பின் வாலுக்கு அடியில் சிறிது நேரம் வைத்து எடுத்து, அது வாலை இறுக்கிக்கொள்வதை விட்ட பிறகே தோல்வாருக்கு வந்தோம். ஒவ்வொரு முறையும் வாரைத் துடைத்து, வால்மயிர் எதுவும் உள்ளே சிக்கவில்லை என்று பார்ப்பது என் வேலை. ஒற்றை மயிர் சிக்கினாலும் புண்ணாகிவிடும்.

உணவிலும் குளம்பிலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. கோவேறு கழுதை குறைந்த தீவனத்திலேயே கொழுத்துவிடும் என்பதால் குதிரைமசாலைக் குறைத்து உலர்ந்த புல்லையே அதிகம் கொடுத்தோம். கொழுத்த விலங்குக்குக் குளம்பு அழற்சி வந்தால் ஓட்டம் மட்டுமல்ல, நடையே போய்விடும். குளம்பு குதிரையினுடையதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அதைக் குதிரைக் குளம்புபோல அகலமாக்க முயலாத ஒருவரையே லாடம் அடிக்க அழைக்க வேண்டும்.

பீப்பாய்களுக்கு நாங்கள் வந்தது அதன் பிறகுதான். நீண்ட காலம் நடையில் மட்டுமே சுற்றினோம். பீப்பாயை நெருங்கும்போது நான் சேணத்தில் ஆழ்ந்து அமர்ந்து மூச்சை விட வேண்டும். அந்த ஒரு குறிப்புக்கு ஜூனிப்பர் தயங்கி நடையைச் சுருக்கினால் உடனே கடிவாள வாரைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். பிறகு மெல்லோட்டம், பிறகு பாய்ச்சல் என்று ஏறினோம். பாய்ச்சலில் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்து முன்காலே முந்தி விழ வேண்டும். முதல் பீப்பாய்க்கும் இரண்டாவதற்கும் நடுவில் அது கால் மாற்றியாக வேண்டும். ஜூனிப்பருக்கு இது எளிதில் வரவில்லை. நடுவில் சில அடிகள் மெல்லோட்டத்துக்கு இறங்கி மறுபடி பாயச் செய்தோம். அதில் விநாடிகள் போனாலும் தவறான காலோடு வளைந்து இடறுவதைவிட அது மேல்.

கோவேறு கழுதை ஒரு வரிசையை மிக விரைவில் மனப்பாடம் செய்துவிடும். அதுவே இடையூறும் ஆகும், ஏனென்றால் மனப்பாடமான பிறகு சவாரி செய்பவரின் குறிப்பைக் கேளாமல் தானே முந்திக்கொள்ளும்; சலித்துப்போனால் நுழைவாயிலிலேயே நின்றுவிடும். ஆகவே முழுச் சுற்றை அரிதாகவே ஓடினோம். பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு பீப்பாயைச் சுற்றிவிட்டுப் புதர்க்காட்டுப் பாதைகளில் நீண்ட சவாரி போனோம். மூச்சும் கால்தசையும் வலுப்பெற்றது அந்தச் சவாரிகளில்தான்.

மூதாட்டியிடம் மேமத் இனத்துப் பெரிய பெண் கழுதை ஒன்றும் இருந்தது. அமெரிக்க வகைப்பாட்டில் பெண் கழுதை 54 அங்குலத்துக்கு மேலும் ஆண் கழுதை 56 அங்குலத்துக்கு மேலும் உயரமாக இருந்தால் மேமத் எனப்படும். கழுதைப் பிரிவில் அதை அவருடைய பேத்தி ஓட்டினாள். சிறிய கழுதைகளில் பெரியவர்கள் ஏறக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பு. வழக்கமான அளவுள்ள கழுதைக்கு 50 கிலோவே உச்ச எடை என்பது பிரிட்டனின் கழுதைக் காப்பகம் கூறும் அளவு. போட்டி என்ற பெயரில் இதை மீறுபவர்களை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். அமைப்பாளர்கள் அவர்களைக் களத்துக்குள் விடாமல் இருப்பதே முறை.

மாநில எல்லையைக் கடந்து விலங்கைக் கொண்டுசெல்லக் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும், காகின்ஸ் சோதனை முடிவும் தேவைப்பட்டன. லெராய் காகின்ஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய இந்த இரத்தப் பரிசோதனை, குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் வரும் தொற்று இரத்தசோகையைக் கண்டறிகிறது. கடிக்கும் ஈக்களால் பரவும் அந்நோய்க்கு மருந்தில்லை. பிழைத்த விலங்கும் வாழ்நாள் முழுவதும் கிருமியைச் சுமக்கும். நூற்றுக்கணக்கான விலங்குகள் அருகருகே கட்டப்படும் விழாவில் இந்தத் தாளின் அருமை விளங்கும். ஆய்வக முடிவு வர நாட்கள் ஆகும் என்பதால் இரத்தம் எடுப்பதை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

ரீனோவிலிருந்து பிஷப்புக்கு 395ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 200 மைல். வழியில் கான்வே கணவாய் 8,000 அடிக்கு மேல் உயர்கிறது. கடைசியில் ஷெர்வின் சரிவு பள்ளத்தாக்குக்குள் நெடுநேரம் இறங்குகிறது. டிரெய்லரின் பிரேக்கைப் புறப்படுமுன் சோதிப்பதும், இடையில் பிரிட்ஜ்போர்ட்டில் நிறுத்தி நீர் காட்டுவதும் அவசியம். புதிய ஊரின் நீர் மணத்தை ஏற்காமல் சில விலங்குகள் குடிக்க மறுக்கும் என்பதால் வீட்டு நீரைக் கேன்களில் எடுத்துச் சென்றோம்.

விழாவில் முதல் நாள் முழுவதும் ஜூனிப்பரை ஓட்டவே இல்லை. தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்தின் ஓரம், ஒலிபெருக்கிக்குக் கீழ், காற்றில் படபடக்கும் விளம்பரத் துணிகளுக்கு அருகே எல்லாம் நடத்திக்கொண்டு போனேன். நேரத்தை அளக்கும் மின்கண் பொருத்திய முக்காலி ஒன்றின் முன் அது வெகுநேரம் நின்று, காதுகளை முன்னே நீட்டிப் பார்த்தது. மூதாட்டி என்னிடம், “பார்த்து முடிக்கட்டும் கண்ணு, இன்றைக்குச் செலவழிக்கும் நேரம் நாளைக்குக் கணக்கில் வராது” என்ற பொருளில் மெதுவாகச் சொன்னார். மறுநாள் அந்த முக்காலியை ஜூனிப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பீப்பாய்ச் சுற்றில் முதல் திருப்பம் நன்றாக அமைந்தது. இரண்டாவதற்கு முன் கால் மாற்றத்தில் வேகம் குறைந்தது. மூன்றாவதிலிருந்து கோடு வரை அது பாய்ந்த பாய்ச்சலில் என் தொப்பி பறந்தது. பீப்பாய் எதுவும் சாயவில்லை. நேரம் 20 விநாடிக்குச் சற்று மேல். பரிசுக்கு அது போதாது. கம்பப் போட்டியில் திரும்பி வரும் வரிசையில் நான்காவது கம்பத்தை என் முழங்கால் உரசியது. ஆடிய கம்பம் சாயாமல் நின்றுவிட்டது. சாவித்துளையில்தான் நாங்கள் பரிசு வரிசைக்குள் வந்தோம். குதிரைகள் கவனிக்காமல் மிதித்துவிடும் சுண்ணாம்புக் கோட்டைக் கோவேறு கழுதை கவனிக்கும். கால் வைக்கும் இடம் பற்றி அதற்கு இருக்கும் அக்கறை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. முதல்முறை காணும் ஜூனிப்பர் அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டவே தயங்கும் என்று எண்ணி, வீட்டில் அதே தூளால் கோடு போட்டு அதற்குள் தீவனம் வைத்துப் பழக்கியிருந்தோம். அன்று கழுத்துக்குள் அது தயக்கமின்றி நுழைந்து, பின்கால்களை ஊன்றி ஒரே சுழற்சியில் திரும்பியது.

இத்துறைக்கு வர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் ஊரில் குதிரைகளோடு கோவேறு கழுதைகளையும் அனுமதிக்கும் சிறிய களப் போட்டி எதிலாவது, சாவித்துளைப் பிரிவில் மட்டும் முதலில் பெயர் கொடுங்கள் என்பதே. அதில் தொலைவு குறைவு; விலங்கின் இயல்பும் துணைநிற்கும். நாங்கள் இப்போது பாய்ச்சலில் கால் மாற்றும் பயிற்சியை மறுபடியும் மெல்லோட்டத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். அது சீரானால் அடுத்த மே மாதம் மூன்று பிரிவுகளிலும் பெயர் கொடுப்போம். சீராகாவிட்டால் பீப்பாய்ப் பிரிவை விட்டுவிட்டு மற்ற இரண்டில் மட்டும் ஓடுவோம்.