தொடை எலும்பின் கீழ்முனை: இரண்டு கான்டைலும் ஒன்றல்ல

தொடை எலும்பின் தண்டைச் செங்குத்தாகப் பிடித்து மேசையில் நிறுத்துங்கள். கீழ்முனையில் உள்ள இரண்டு உருண்ட புடைப்புகள்தான் கான்டைல்கள். அவற்றில் உள்பக்கக் கான்டைல் மட்டும் மேசையைத் தொடும். இரண்டும் தொட வேண்டுமானால் தண்டை வெளிப்பக்கமாகச் சுமார் 9 டிகிரி சாய்க்க வேண்டும். இடுப்பு அகலமாக இருந்தும் முழங்கால்கள் நெருங்கி நிற்பது இந்தச் சாய்வால்தான்.

உள்பக்கக் கான்டைலின் வளைவு நீளமானது. காலை நீட்டும்போது வெளிப்பக்கம் உருண்டு முடிந்த பிறகும் உள்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் கடைசிச் சில டிகிரிகளில் டிபியா (முன்னங்கால் எலும்பு) வெளிப்பக்கம் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்கிறது. மடக்கத் தொடங்கும்போது அந்தப் பூட்டைத் திறப்பது முழங்காலுக்குப் பின்னால் உள்ள பாப்ளிட்டியஸ் தசை.

வெளிப்பக்கக் கான்டைலின் வேலை வேறு. அது முன்னால் அதிகம் துருத்தி நின்று, முழங்கால் சில்லு வெளியே நழுவாமல் தடுக்கிறது. சில்லு ஓடும் பள்ளத்தின் கோணம் சராசரியாக 138 டிகிரி. 145-ஐத் தாண்டினால் பள்ளம் தட்டை. சில்லு விலகும் வாய்ப்பு கூடும்.

கீழ்முனைத் துண்டு மட்டும் கையில் இருந்தால் கான்டைலின் பருமனை வைத்து எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சொல்லாதீர்கள், மாணவர்கள் தவறுவது அங்கேதான். பாப்ளிட்டியஸின் காடி (தசைநாண் பதியும் பள்ளம்) வெளிப்பக்கம், அடக்டர் முனை உள்பக்கம். அந்த முனையை உங்கள் உடலிலேயே தொட்டுப் பார்க்கலாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடையின் உள்பக்கம் வழியே விரலை அழுத்திக் கீழே இறக்குங்கள். கயிறு போன்ற தசைநாண் தட்டுப்படும். அது முடியும் சிறு மேடுதான் அடக்டர் முனை. வளரும் வயதில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) இதே மட்டத்தில் குறுக்கே ஓடும். தொடை எலும்பின் நீளத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இங்கிருந்து வருவதால், சிறுவர்களுக்கு இங்கே அடிபட்டால் அலட்சியம் கூடவே கூடாது.

கீழிருந்து பார்த்தால் தொடை எலும்பின் கீழ்முனை சரிவகம்: முன்னால் குறுகல், பின்னால் அகலம். உள்பக்கச் சுவர் சுமார் 25 டிகிரி சரிந்திருக்கும். நேர் எக்ஸ்ரேயில் தெரிவது பின்பக்க அகலம்தான். எனவே முன்பகுதியில் போட்ட திருகாணி படத்தில் எலும்புக்குள் இருப்பதாகத் தோன்றினாலும், அதன் நுனி உள்பக்கச் சதையைக் குத்திக்கொண்டிருக்கலாம். காலை 25 டிகிரி உள்நோக்கித் திருப்பி இன்னொரு படம் எடுத்தால் உண்மை தெரியும்.

கான்டைல்களுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் கெண்டைக்கால் தசை கீழ்த்துண்டைப் பின்னோக்கி இழுக்கும். சரியாக அங்கேதான் காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பாப்ளிட்டியல் தமனி ஓடுகிறது. முழங்காலை லேசாக மடக்கி வைத்தால் இழுவை தளரும். கட்டுப் போடுமுன் பாதத்தின் நாடியைப் பாருங்கள், போட்ட பின்னும் பாருங்கள்.